தெற்குத் தெருவுக்கு மட்டும் அறுப்பு லீவு

செந்தாமரை ஆட்டோவை நிறுத்திச் சாவியை உருவுவதற்குள் மகள் சுடர்விழி ஓடிவந்து செய்தியைச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு எட்டாவதுக்குப் பெரிய பரீட்சை இருக்குல்லம்மா, தமிழ்நாடு முழுக்க. நம்ம தெருவுல என்னை மட்டும்தான் வரச் சொல்லிருக்காரு சார். மத்தவங்களுக்கெல்லாம் லீவு."

"என்ன லீவு?"

"அறுப்பு லீவாம்."

செந்தாமரைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் ஆத்தூரிலிருந்து வந்திறங்கிய மெஷின்கள் அல்லவா அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. செம்மங்கரை தெற்குத் தெருவில் யாரும் வயலில் இறங்கிக் கதிர் அறுத்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆண்கள் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போனார்கள். பெண்கள் கும்பகோணத்து ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்கக் கால் கடுக்க நின்றார்கள். பிள்ளைகளுக்கு அருவாளை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது.

சிரிப்பு அடங்கியதும் விஷயம் புரிந்தது. நாளைக்கு வெளியிலிருந்து ஆள் வந்து தேர்வு நடத்துவார். வந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி வகுத்துப் பள்ளிக்கூடத்தின் தரத்தைச் சொல்வார்கள். போன வருஷம் ஒன்றியத்திலேயே கடைசி வரிசையில் இருந்தது செம்மங்கரை நடுநிலைப் பள்ளி. ஆகவே இந்த வருஷம் படிக்காத பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் கணக்கு அழகாகிவிடும். படிக்காத பிள்ளை யார் என்று கண்டுபிடிக்கத் தலைமையாசிரியர் பஞ்சநதம் சாருக்கு எந்தப் பரீட்சையும் தேவைப்படவில்லை. எந்தத் தெரு என்று பார்த்தாலே போதும்.

"என்னை மட்டும் கூப்புட்டாங்கன்னா நான் நல்லாப் படிக்கிறேன்னு தானம்மா அர்த்தம்?"

"அதுனாலதாண்டி எனக்கு வயிறு எரியுது" என்றாள் செந்தாமரை.

அவளுடைய தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பா அரசப்பன் டீக்கடையில் பேப்பரை உரக்க வாசிப்பார், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். செந்தாமரை பன்னிரண்டாவது வரை படித்தாள். குழுக்கடனில் ஷேர் ஆட்டோ வாங்கியபோது ஊரில் ஆண்கள் ஏறவில்லை. பொம்பளை ஓட்டுகிற வண்டியாம். அவள் யாரையும் கெஞ்சவில்லை. பெண்களை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தாள். பஸ் வராத ஒரு மழைநாளில் அதே ஆண்கள் ஓடிவந்து, "எடம் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். "கம்பியைப் புடிச்சிகிட்டு நில்லுங்க" என்றாள்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்த அன்றும் இப்படித்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முதல் கூட்டத்திலேயே எழுந்து, "கக்கூஸுல மத்தியானத்துக்கு மேல ஏன் சார் தண்ணி வரல?" என்று கேட்டாள்.

அந்தத் தலைவிக்கே தெரியாமல் ஒரு லீவு.

இருட்டுவதற்குள் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெரும்பாலானவர்கள் உடனே தலையாட்டினார்கள். அம்சம் வீட்டில்தான் சிக்கியது. அம்சம் சமையல் கோஷ்டியோடு பந்தி பரிமாறப் போகிறவள். மறுநாள் திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். லீவுதானே என்று மகள் பரிதியையும் இலை எடுக்கச் சேர்த்திருந்தாள்.

"சாரே வேணாங்கிறாரு. எழுதி என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றாள் அம்சம்.

"அறுப்பு லீவுதானக்கா குடுத்துருக்காங்க? ஒன் கருக்கருவாள எடு, பாப்போம்."

"அது எங்க கெடக்கோ. துருப்புடிச்சுப் போயிருக்கும்."

"அப்ப எந்த வயலுக்கா நாளைக்கு அறுக்கப் போற? திருக்கடையூர் மண்டபத்துலயா?"

அம்சத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கோபமும். "அந்த ஆளு நம்ம புள்ளைய மக்குன்னு நெனச்சுத்தான் சொல்லிருக்கான், என்ன தாமரை?" என்றாள் மெதுவாக. பிறகு உள்ளே திரும்பி, "ஏ பரிதி, நாளைக்கு நீ வர வேணாம். பள்ளிக்கூடம் போற" என்று கத்தினாள்.

மறுநாள் காலை ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளும் சுடர்விழியும் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டார்கள். வாய்க்கால் பாலத்தில் வண்டி குதித்தபோது எல்லோரும் ஒரே குரலில் ஊளையிட்டார்கள். வழியில் நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நகராமல் நின்றது. செந்தாமரை ஹாரனை அழுத்திய அழுத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து, "யம்மா, தாலி கட்டற நேரமா?" என்றான். "அதை விட முக்கியம், ஒதுங்குங்க" என்றாள்.

பள்ளி வாசலில் பஞ்சநதம் சார் நின்றிருந்தார். வண்டியிலிருந்து பிள்ளைகள் உதிர உதிர அவர் முகம் வெளுத்தது.

"என்னம்மா இது? நாந்தான் லீவு சொல்லிருந்தேனே."

"அறுப்பு முடிஞ்சிருச்சு சார். மெஷின் சீக்கிரம் முடிச்சிருச்சு."

கணக்கு டீச்சர் ஷோபனா வாயைப் பொத்திக்கொண்டார். சார் குரலைத் தணித்தார். "புரிஞ்சுக்கங்க. இந்த வருஷமும் கடைசின்னா எனக்கு மெமோ வரும். அதை விடுங்க. பேரு கெட்டா இருக்கற வடக்குத் தெருப் பிள்ளைங்களும் இங்கிலீஷ் மீடியம் போயிடும். அப்புறம் பள்ளிக்கூடத்தையே மூடுவாங்க. கஷ்டப்படறது யாரு? உங்க பிள்ளைங்கதானே?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. தன் கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர். ஆனால் செருப்பு வாங்கிக் கொடுத்த பிள்ளைக்கு மூளை இருக்கும் என்று மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. இந்த நாட்டில் நல்லவர்கள் செய்த அநியாயத்தைக் கணக்கெடுத்தால் கெட்டவர்கள் வெட்கப்பட்டுப் போவார்கள்.

"எங்க புள்ளைங்க உள்ள வராம காப்பாத்தற பள்ளிக்கூடம் யாருக்கு சார்?" என்றாள் செந்தாமரை.

அப்போதுதான் அவள் கவனித்தாள், பரிதி வண்டியை விட்டு இறங்கவில்லை. பின்சீட்டு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எழுதல, அத்தை" என்றாள். "நான் எழுதுனா ஸ்கூல் தோத்துடும்."

"யாருடி சொன்னது?"

பரிதியின் பார்வை வாசல் பக்கம் போனது. பஞ்சநதம் சார் தரையைப் பார்த்தார்.

வாசலுக்குள் போய்விட்ட சுடர்விழி திரும்பி வந்தாள். பையைத் தூக்கி ஆட்டோவுக்குள் போட்டாள். பரிதி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப நானும் எழுதல."

"ஏய், சுடர்விழி!" என்று பதறினார் சார். அவருடைய வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்குகிறவள் அவள்தான். அவளை நம்பித்தான் அவர் கூட்டல் போட்டிருந்தார். "நீ எதுக்கும்மா? நீ இறங்கு."

"எனக்கும் அறுப்பு இருக்கு சார்."

வடக்குத் தெருப் பிரபு சன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "பரிதி, வந்து தொலையேன். நான் ஒன்ன விட மோசமாத்தான் எழுதுவேன்" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. பரிதியும் சிரித்துவிட்டாள்.

தேர்வு நடத்த வந்த இளைஞர், பயிற்சிக் கல்லூரி மாணவர் லியாகத் அலி, தாள் கட்டோடு வெளியே வந்தார். "சார், உறையைப் பிரிக்கணும். இவங்கெல்லாம் எட்டாவதுதானே?"

பஞ்சநதம் சார் ஆட்டோவைப் பார்த்தார், செந்தாமரையைப் பார்த்தார். "ஆமா" என்றார். "எட்டாவதுதான். எல்லாரும்." பிறகு அவரே ஆட்டோவருகே போய், "இறங்கும்மா பரிதி, நேரமாவுது" என்றார்.

செந்தாமரை அன்று சவாரிக்குப் போகவில்லை. வாசலிலேயே வண்டியைப் போட்டுக் காத்திருந்தாள். மணி அடித்ததும் வந்தது பாருங்கள் ஒரு கூச்சல். கோழிப் பண்ணையைத் திறந்துவிட்ட மாதிரி. பிரபுவும் பரிதியும் ஒரு பின்னக் கணக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"அஞ்சுல மூணுடா, தலகீழா கவுத்துப் பெருக்கணும்."

"கவுக்கறது ஒன் தலைய. அப்படியே பெருக்கணும்."

ஷோபனா டீச்சர் குச்சியால் மண்ணில் போட்டுப் பார்த்தார். "இது பெருக்கலே இல்ல, கூட்டல். ரெண்டு பேரும் தப்பு" என்றார். இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து டீச்சரோடு சண்டைக்குப் போனார்கள். விடையைப் பற்றிப் பரிதி சத்தம் போட்டு யாரும் அதுவரை கேட்டதில்லை.

முடிவு வந்தபோது பள்ளி முதலிடமும் வாங்கவில்லை, கடைசியிலும் நிற்கவில்லை. நடுவிலே எங்கோ நின்றது. பின்னத்தில் மட்டும் வகுப்பே சறுக்கியிருந்தது. ஷோபனா டீச்சர் பிள்ளைகளின் வகுப்புத் தாள்களையும் எடுத்து வைத்துப் பார்த்தார். பின்னம் வராதவர்களில் பாதிப்பேர் வடக்குத் தெரு.

"பாத்தீங்களா சார்" என்றாள் செந்தாமரை. "அடுத்த வருஷம் வடக்குத் தெருவையும் அறுப்புக்கு அனுப்பிடலாமா?"

சார் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "சனிக்கிழமை தனி வகுப்பு வைக்கலாம்னு பாக்கறேன்" என்றார் கடைசியில். "ரெண்டு தெருவுக்கும் சேர்த்து. எட்டாவது போயிடும், ஏழாவதுலேருந்து ஆரம்பிக்கணும்."

"எட்டாவதுக்கும் வைங்க. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பின்னம் தெரியாமலா அனுப்புவீங்க?"

"லீவுல யாரும்மா வருவாங்க?"

"அதை எங்கிட்ட விடுங்க" என்று செந்தாமரை ஆட்டோவைக் கிளப்பினாள். முதலில் வடக்குத் தெருப் பக்கம் திருப்பினாள்.