நாங்க எல்லாரும்

அலுவலகத்தில் அவளுக்கு ரூம் அக்கா என்றுதான் பெயர். வெளியூருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிற குடும்பங்களுக்கு, ஓட்டலில் யாருக்கு எந்த அறை என்று பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. கேட்பதற்குச் சப்பென்றுதான் இருக்கும். இருநூறு சொந்தக்காரர்களை மூன்று நாள் ஒரே கூரைக்குக் கீழே அடைத்துப் பாருங்கள், தெரியும். பெரியப்பாவுக்கு மாடிப்படி ஆகாது. சித்திக்குப் பெரியப்பாவே ஆகாது. கீரியும் பாம்புமாக இருக்கிற இரண்டு மாமாக்களுக்கு நடுவே ஒரு லிஃப்டாவது இருந்தாக வேண்டும். குறட்டை விடுகிறவரைத் தாழ்வாரத்தின் கோடி அறையில் போட்டு, "இங்கேருந்து கடல் நல்லாத் தெரியும் சார்" என்று அதை அவர் தலையில் கட்டிவிடுவாள்.

இருபது வருஷத்தில் இப்படி எத்தனையோ கல்யாணங்கள். ஒன்றில்கூட அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஐம்பத்தொரு வயது, தனிக்கட்டை. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் சுள்ளென்று ஏதாவது சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

இந்தத் தடவை தம்பி மகளுக்கே கல்யாணம். தம்பி அவள் கம்பெனியிலேயே பொறுப்பைக் கொடுத்திருந்தான். ரூம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுச் செருப்பு வாங்கி, கடிக்காமல் இருக்க வேண்டுமென்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாள். இந்த ஒரு கல்யாணத்திலாவது, பெண்ணுக்கு அத்தை என்று நாலு பேர் நடுவில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஒருநாள் மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, நாங்க எல்லாரும் பன்னெண்டாம் தேதி காலைல கிளம்புறோம். முப்பத்தோரு பேரு. டிக்கெட் போட்டாச்சு."

நாங்க. நாம என்று அவன் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் காதில்கூட விழுந்திருக்காது. மேஜையில் இருந்த பெண் வீட்டார் பட்டியலை விரலால் தொட்டு எண்ணினாள். முப்பத்தொன்று சரியாக இருந்தது, அவளைச் சேர்க்காமல்.

"எனக்குடா?"

"உனக்கென்னக்கா, ரெண்டு நாள் முன்னாடியே உங்க ஆபீஸ் ஆளுங்களோட போயிடுவல்ல? ஸ்டாஃப் ரூம் இருக்குமே."

அவன் மனசில் கள்ளமே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. கொஞ்சம் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

போனை வைத்துவிட்டு மேனேஜரிடம் போனாள். இந்தக் கல்யாணத்தைப் பக்கத்து மேஜைப் பெண் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். திரும்பி வந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், உன் வேலைய இனிமே வேற ஒரு பொண்ணு பாத்துக்குவா. நல்லாச் செய்வா. எனக்கு அந்த மூணு நாளும் லீவு."

"என்னக்கா, திடீர்னு இப்படிக் குண்டத் தூக்கிப் போடுற?"

"கேக்குறதுக்குப் பதில் சொல்லு. வேலை இல்லன்னா நான் வரணுமா?"

தம்பி யோசிக்கிறான் என்று தெரிந்தது. இதற்குப்போய் யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

"நீ வராம எப்படிக்கா?" என்றான் கடைசியில். "நீ இல்லாட்டி ரூமெல்லாம் யாரு பாக்குறது?"

அவள் பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"சரி, நானே பாக்குறேன். சொல்லு, மாப்பிள்ளை வீட்ல மொத்தம் எத்தன பேரு?"