அழகான பரு

என் முகத்தில் பரு இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வராத பார்சல் இல்லை. சாரம் என்ற எங்கள் பேட்டையில், தெருமுனையில் கூரியர் வண்டி திரும்பும்போதே எதிர்வீட்டு அக்கா, "பருக்காரிக்கு வந்துடுச்சிடி" என்று குரல் கொடுப்பாள். சோப்பு, சீரம், முகத்துக்குப் பூசும் களிமண் என்று எந்தக் கம்பெனிக்கும் நான்தான் செல்லப்பிள்ளை. மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்து, துளி மேக்கப் இல்லாத முகத்தோடு பார்சலைப் பிரிப்பேன். என் வீடியோவுக்குக் கூட்டம் வந்ததே அதற்குத்தான். அழகான பெண்கள் ஆயிரம் பேர் பார்சல் பிரிக்கிறார்கள். கன்னம் முழுக்கச் சீழ் வைத்த பருவோடு, பல்லைக் காட்டிக்கொண்டு பிரிக்கிறவள் நான் ஒருத்திதான். "மூஞ்சியா, ரவா உப்புமாவா?" என்று கமெண்ட் போடுவார்கள். "உப்புமாதான், தட்டு எடுத்துட்டு வா" என்று பதில் போடுவேன். அதற்கும் லைக் விழும்.

அம்மாவுக்கு என் முகத்தைக் கண்டாலே ஆகாது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிடுவாள். பார்சல் வர ஆரம்பித்ததும் அதே அம்மா சொந்தக்காரர்களுக்குச் சாம்பிள் பாட்டில் பங்குபோட்டுப் பெருமையடித்தாள். ஆனால் எல்லாம் ஓசிப் பொருள். அவர்கள் பொருள் அனுப்புவார்கள், நான் வீடியோ போட வேண்டும், அதற்குப் பெயர் கொலாப். சீரத்தை வைத்துக் கரண்டு பில் கட்ட முடியுமா?

இதற்கு நடுவில் நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பாதியில நிறுத்தினா திரும்ப வரும். வந்தா குழி விழும், அது போவாது" என்றார். உதடு வெடித்தது, கண் காய்ந்தது, ஆனால் பரு அடங்கியது. ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது கைக்கு வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. என் கன்னம்தான். உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வீடியோவாக வேறு போட்டேன், முட்டாள்.

பார்சல் நின்றுபோனது.

கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சென்னை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் எப்போதாவது கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டாள். "பருவுக்கு சீரம்மா. இந்த வாட்டி பேமெண்ட் உண்டு. பிராண்டுல உங்களத்தான் கேட்டாங்க. ஆனா இப்ப உங்க ஸ்கின் க்ளியர் ஆயிடுச்சே. பிஃபோர் இல்லாம ஆஃப்டர எப்படிம்மா காட்றது?"

ஸ்பீக்கரில் பேசியது என் தப்பு. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். போனை வைத்ததும், "மாத்திரைய நிறுத்தினா வந்துடும்னுதான சொன்னாரு டாக்டரு?" என்றாள்.

"குழி விழும்னும் சொன்னாரும்மா."

"குழிக்கும் எவனாவது க்ரீம் அனுப்புவான்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கையிலிருந்த தட்டை விட்டெறிந்தேன். "இது என் மூஞ்சிம்மா" என்று கத்தினேன்.

"அந்த மூஞ்சியாலதான்டி ஒனக்கு வேலையே. வேற என்னா தெரியும் ஒனக்கு?"

அந்தக் கோபத்திலேயே மாத்திரையை நிறுத்தினேன். அம்மா பிடுங்கி எறியவில்லை, நான்தான் நிறுத்தினேன்.

வந்தது. பழையபடி அல்ல, அதைவிட மோசமாக. தாடையோரம் கட்டி கட்டியாக எழும்பித் தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை. அம்மா தினமும் வெளிச்சத்தில் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளு போவட்டும்" என்பாள், மாங்காய் பழுக்கக் காத்திருப்பவள் மாதிரி. போட்டோ எடுத்து அனுப்பினேன். ஏஜென்சிப் பெண் உடனே கூப்பிட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது? ரொம்ப ரியலா இருக்கே. பிராண்டுல கொஞ்சம் அழகான பருவா கேக்கறாங்கம்மா."

சென்னையிலிருந்து வேறொரு பெண்ணைப் பிடித்தார்கள். பளிங்கு மாதிரி முகம். படப்பிடிப்பு மட்டும் எங்கள் ஊரில், கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கும் ஒரு பங்களாவில். என்னையும் வரச் சொன்னார்கள். "மேக்கப்காரரு பாத்து பரு போட ரெஃபரன்ஸ் வேணும்மா. நீங்க சும்மா வந்து ஒக்காந்தா போதும். பெரிய கிஃப்ட் ஹேம்பரா குடுக்கறோம்."

போகமாட்டேன் என்றேன். "கூப்புடறாங்கல்ல, போ. அடுத்த வாட்டி ஒன்ன நெனப்பாங்க" என்றாள் அம்மா. போனேன். அடுத்த வாட்டி என்ற ஆசை எனக்கும் இருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். மேக்கப்காரர் என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு அவள் கன்னத்தில் தூரிகையால் ஒரு புள்ளி வைப்பார். என் கண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "இந்தக் கட்டியெல்லாம் வேணாம். சின்னதா மூணு போதும்" என்று அவருக்குள்ளேயே பேசிக்கொண்டார். அந்தப் பெண் நல்லவள். "ரொம்ப வலிக்குமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒனக்கு வலிக்காது" என்றேன்.

ஜன்னலோரம் நின்று அவள் கேமராவைச் சோகமாகப் பார்த்தாள். அருமை என்று எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது பரு போன பிறகு எடுக்கும் காட்சி. ஒரு உதவியாளர்ப் பெண் வந்து ஈரப் பஞ்சால் அவள் கன்னத்தில் ஒரே இழுப்பு இழுத்தாள். மூன்று பருவும் போயின.

பிறகு அந்த உதவியாளர் என்னிடம் வந்து புதுப் பஞ்சு ஒன்றை நீட்டினாள். "நீங்களும் தொடச்சிக்குங்கக்கா, ஒங்க ஷாட் முடிஞ்சிடுச்சில்ல? ஒங்களுக்குத்தான் சூப்பரா போட்டிருக்காங்க, நெஜம் மாதிரியே இருக்கு."

மேக்கப்காரருக்கு அது காதில் விழுந்தது. குனிந்தபடியே தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிஜப் பரு என்று சொல்ல அவ்வளவு அவமானமாக இருந்தது. பஞ்சை வாங்கி, கட்டிகள் மேல் அழுத்தித் துடைத்தேன். நெருப்பாக எரிந்தது.

உதவியாளர்ப் பெண் குனிந்து என் கன்னத்தைப் பார்த்தாள். "இன்னும் போவலக்கா" என்று சொல்லி, இன்னொரு பஞ்சை நனைத்துக் கொடுத்தாள்.