அத்தான் போட்ட தளம்

கோடை முடியும் தறுவாயில் எங்கள் ஊரில் ஒருவரும் இன்னொருவரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பேருந்துக் கம்பியைத் தொட்டால் கை சுடும்; குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். எல்லோரும் வானத்தைப் பார்த்து மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்க, என் அக்கா வீட்டுக்காரர் மட்டும் வந்துவிடுமோ என்று நகம் கடித்துக்கொண்டிருப்பார். அத்தானுக்கு மொட்டை மாடி ஒழுகலை அடைக்கும் தொழில். மழை ஊருக்குக் கொண்டாட்டம் என்றால் அவருக்குப் பரீட்சை முடிவு.

அவர் வேலை செய்யும் விதமே தனி. வெடிப்பைக் கொத்தி, கலவை அடைத்து, மேலே பூச்சு அடித்ததும் போய்விடமாட்டார். மாடியில் தண்ணீர் போகும் துளைகளைச் சாக்குத் துணியால் இறுக அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்துவார். கீழே கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் சாக்கைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிடுவார். அதோடும் விடுவதில்லை. முதல் மழை விழுந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். குடை பிடிக்கப் பின்சீட்டில் நான். ஓடுகிற ஸ்கூட்டரில் குடை பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும்.

இந்த வருஷம் அவருக்குப் பயம் கூடுதல். காரணம், மகள். கல்யாணமாகிப் போன வீட்டில் மழைக்காலம் முழுக்கக் கூடத்தில் வாளி வைப்பார்களாம். வேறொரு ஆளைக் கூப்பிடலாம் என்று மாமியார் சொன்னபோது இவள் முந்திக்கொண்டு, "எங்கப்பா செஞ்சா ஒரு சொட்டு விழாது அத்தை, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். வாழப்போன புதிதில் வாய் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவள் அப்படியே என் அக்கா. கடும் வெயிலில் அத்தான் அங்கே போய் வேலையை முடித்தார். எல்லாம் நல்லபடி ஆயிற்று என்றார். ஆனாலும் ராத்திரி தூக்கம் போய்விட்டது.

"தளம் ஒழுகுனா என்னைத் திட்டட்டும் மச்சான். அவ பேச்சு அந்த வீட்ல எடுபடாமப் போயிடக்கூடாது. அதான் என் கவலை" என்பார்.

ஒரு மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. புழுதி வாசனை மூக்கில் ஏறுவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. ரோட்டில் போனவர்களெல்லாம் கடை வாசல்களில் ஒதுங்கிச் சிரித்தார்கள். காலையில் சில்லறைக்காக என்னோடு மல்லுக்கு நின்ற பெட்டிக்கடைக்காரர், "வாங்க, உள்ள வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார். எங்கே நிற்பது? அத்தான் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். நேரே மகள் வீடு.

மகள் கதவைத் திறந்தாள். கூடத்து நடுவில் சம்பந்தியம்மா கழுத்தைப் பின்னால் சாய்த்து நின்றிருந்தார். அத்தானும் அண்ணாந்தார், நானும் அண்ணாந்தேன். கூரை காய்ந்து கிடந்தது. அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவர் போல அறை அறையாக நடந்தார். முகத்தில் அப்படியொரு களை.

"பரவால்லண்ணா, சொன்னபடி செஞ்சுட்டீங்க" என்றார் சம்பந்தியம்மா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதே அதிசயம் என்று மகளின் முழி சொன்னது.

அப்போதுதான் மாடிப்படியில் சலசலவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு படியாகத் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் மாப்பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் மக்கு. எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை.

அத்தான் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, சாக்கு!" என்று கத்திக்கொண்டே மேலே ஓடினார்.

நடந்தது இதுதான். சோதனைக்குக் கட்டிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அந்த வெயில் மொத்தத்தையும் குடித்துவிட்டது. காய்ந்த மாடியைப் பார்த்து வேலை முடிந்தது என்று இறங்கி வந்த மனிதர் துளையில் அடைத்ததை மறந்துவிட்டார். இப்போது மாடியில் கணுக்காலுக்கு மேல் ஏறிய குளம். மாடிக் கதவின் வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் வீட்டுக்குள் வழி கேட்காமல் வருகிறது.

அத்தான் குளத்தில் குனிந்து தடவினார். மகளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "இந்த மூலையா, அந்த மூலையாப்பா?" "தெரியலையேம்மா!" கடைசியில் இருவருமாகப் பிடித்து இழுக்க, சாக்கு வந்தது, அத்தான் தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தார். சிரிக்கக்கூடாது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை.

கீழே சம்பந்தியம்மா துடைப்பத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளியபடி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "மேல ஒழுகுனாலாவது ஒரு வாளியில பிடிச்சிருப்பேன்! இதை எதுல பிடிக்கிறது?" மகள் தலையைக் குனிந்துகொண்டு மாப்பைப் பிழிந்தாள். அத்தான் சொட்டச் சொட்ட நின்றார். அவர் அப்படிக் கூனிக்குறுகி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா, வாசல் வழியா ஆறே ஓடுது! மருமகளோட அப்பா போட்ட தளம் ஒழுகிடுச்சா?"

சம்பந்தியம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தார். "ஒழுகுறதா? யாரு சொன்னா? கூரையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க. மழைத் தண்ணி சும்மா வருதேன்னு நாங்க மாடிப்படியக் கழுவி விடுறோம்!"

பால்கனிக் கதவு சாத்திக்கொண்டது. மகள் மாப்பைப் பிடித்தபடி மாமியாரையே பார்த்தாள்.

"என்னடி பாக்கற? உள்ள நான் ஆயிரம் திட்டுவேன். வெளியாளு முன்னால உன்ன விட்டுக்கொடுப்பனா?" என்றவர் அத்தான் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மட்டும் தனியாச் சொல்லணுமாண்ணா? நீங்களும் ஒரு துடைப்பத்தை எடுங்க."

அத்தான் எடுத்தார். துடைப்பம் பிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.