எரியாத சீட்டு

திருவிழாத் தேரை எந்தத் தெரு முதலில் தூக்குவது என்று நேற்று பங்குச்சாமியார் திருவுளச்சீட்டு போட்டார். ஒன்றை எடுத்து வாசித்ததும், மற்றதை நான் வாங்கிப் பிரித்தேன்.

"சாமி மேலயே சந்தேகமா மாமா?" என்றாள் மருமகள்.

ஒன்பது வயதில் வந்த சந்தேகம் அது. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். கடத்தூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் மாடு விற்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் சொம்பில் இரண்டு சீட்டு போடுவார் அப்பா. பரலோக மந்திரம் சொல்லி நான் ஒன்றை எடுப்பேன். மற்றதை அவர் பிரிக்காமலே மெழுகுவர்த்தியில் கொளுத்துவார். மெழுகோடு காகிதம் கருகும் அந்த நாற்றத்தில் ஏதோ ஒளிந்திருப்பதாக எனக்குப் படும்.

அக்கா டீச்சர் டிரெயினிங்குக்குச் சேலம் போகத் துடித்தாள். "பொட்டப்புள்ளைய வூடு தாண்டி அனுப்புவியாடா? சாமிகிட்ட கேளு" என்றார் பெரியப்பா.

நான் எடுத்த சீட்டில் 'போகட்டும்' என்றிருந்தது. பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனார். காற்றில் அணைந்த மெழுகுவர்த்தியை அப்பா மறுபடி பற்றவைப்பதற்குள் மற்ற சீட்டைப் பிரித்துவிட்டேன். அதிலும் 'போகட்டும்'!

"சாமிய ஏமாத்திட்டீங்களாப்பா?"

அப்பா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா ஏர் ஓட்டிக்கிட்டே அவருகிட்டதான் கண்ணு கேட்டேன். சொல்லிட்டாரு. சீட்டு உங்க பெரியப்பனுக்கு."

நேற்றைய சீட்டுகளில் இரண்டு தெருக்களின் பெயர்களும் ஒழுங்காகத்தான் இருந்தன. சாமியார் சாமியிடம் கேட்கவே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம்.