நாலேகால் அங்குலம்

கைலியை இடுப்பில் கொஞ்சம் இறக்கி, கழுத்தில் தொங்கும் டேப்பைத் தழும்பின்மேல் வைத்துக் காட்டுகிறார் நாகையா. பார்க்க வந்தவர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் இது நடந்துவிடும். வந்தவர் பெண் என்றால் டேப்பை மட்டும் பிரித்துக் காட்டுவார்.

"டாக்டர் நாலு இஞ்சுன்னாரு. நாலேகால் இருக்கு. துணியை நான் கால் இஞ்சு கூடுதலா வெட்டியிருந்தா கடையை மூட வச்சிருப்பாங்க லா."

பிரிக்பீல்ட்ஸில், வீட்டு முன்னறையையே கடையாக்கி, முப்பத்திரண்டு வருடமாகக் கால்சட்டை தைப்பவர். வயது அறுபத்தொன்று. 1999 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை, தேய்ந்துபோன இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். புது முறை, சின்ன வெட்டு, சீக்கிரம் நடக்கலாம் என்றார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினொரு அடி நடந்தார். வீடு வந்து சேர்வதற்குள் அவர் பேச்சில் அது ஐம்பதாகியிருந்தது. பண்டமாரானில் இருக்கும் மைத்துனர் போனில் விசாரித்தபோது மாடிப்படியும் சேர்ந்துகொண்டது.

டாக்டர் முக்கியமாகத் தடுத்தது ஒன்றைத்தான்: ஆறு வாரத்துக்குத் தாழ்வாக உட்காரக்கூடாது, மூட்டு நழுவிவிடும். மெஷின் முன்னால் கிடக்கும் முக்காலியின் உயரம் பதினாறு அங்குலம். ஆறு வாரம் முடிவது அக்டோபர் 26. தீபாவளி நவம்பர் 7. மூட்டு ஆறும்வரை பொறுத்திருக்க வாடிக்கைக்காரர்களுக்கு என்ன தலையெழுத்து, ஊரில் வேறு தையல்காரரா இல்லை?

அக்டோபர் 5. பதினெட்டு வருடமாக இவரிடமே தைக்கும் விஜயன், துணிப்பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வாசலிலேயே நின்றார்.

"முடியுமா அண்ணே? இல்லாட்டி பங்சார்ல வேற கடையில குடுத்துக்கிறேன், பரவால்ல."

"ஆறு வாரமெல்லாம் நோயாளிக்கு லா. எனக்கு மூணு போதும்."

பொட்டலத்தை வாங்கி மெஷின்மேல் வைத்தார். கைத்தடியைச் சுவரில் சாத்தினார். முக்காலியில் உட்கார்ந்து நாலு மிதி மிதித்தும் காட்டினார்.

"அளவு எடுக்கலையா? தொப்பை போட்டிருச்சு அண்ணே."

நாகையா மெஷினைப் பிடித்து எழுந்தார். அதாவது, எழப் பார்த்தார். மறுபடி முயன்றார். நெற்றி வேர்த்தது. உலோக மூட்டுக்கு இந்த உற்சாகமெல்லாம் எட்டவில்லை. விஜயனின் பார்வை பொட்டலத்துக்குப் போனது.

அடுப்படியிலிருந்து மனைவி தனலெட்சுமி வந்தார். பக்கத்தில் நின்று, தூக்கிவிடக் கையை நீட்டினார்.

நாகையா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு விஜயனின் துணியை எடுத்து அதில் வைத்து, "அலமாரியில வை" என்றார்.