அக்கா வைக்கச் சொன்ன மதில்

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் அவருடைய அருமை பெருமைகளை எழுதும்படி மாமா கேட்டார். எழுத உட்கார்ந்தால் வெட்கம்தான் முன்னால் வருகிறது.

ஆலங்காயத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா காலமானதும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சேர்ந்தார். அவர் தைத்துத்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன், கல்லூரி ஆசிரியரும் ஆனேன்.

கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் காத்திருக்கும் இடம் ஏரிக்கரை. எதிரே, 'தோல் ஷாப்பு' என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் தொழிற்சாலையின் உயரமான மதில். மழைக்காலத்தில் காற்றும் சாரலும் பிடுங்கித் தின்னும். அக்காவுக்கோ வீசிங். "காத்தைப் பத்திப் படிச்சவனாச்சே, நல்லதா ஒரு ஷெட்டு போட்டுக் குடேன்டா" என்றார்.

கல்லூரியில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. நீளமான பெட்டிக்குள் காற்றைச் செலுத்தி, சின்ன மாதிரிகளைச் சோதிப்போம். அட்டையில் ஷெட் செய்து, காற்றின் போக்கைக் காட்ட உள்ளே நூல் துண்டுகளை ஒட்டிவைத்து, அக்காவைப் பெருமையாக அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"எதிர்ல தோல் ஷாப்பு மதில் இருக்குதே, அதை வைக்கலியா? காத்து அதுல மோதித் திரும்புமேடா!"

மாணவர்கள் முன்னால் எனக்குச் சுருக்கென்றது.

"இது இன்னா தையல் மிஷினாக்கா? உனக்குப் புரியாது, கம்முனு இரு."

மாணவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

ஊரார் உதவியோடு ஷெட் எழுந்தது. பிறகு மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல் மதிலையும் வைத்துச் சோதித்தேன். ஏரிக்காற்று கூரையைத் தாண்டி, எதிர் மதிலில் மோதித் திரும்பி, திறந்த முன்பக்கம் வழியாக நேரே பெஞ்சின் மேல் பாய்ந்தது. முன்னால் ஒரு தடுப்பு போட்டால் போதும். போட்டால் தப்பு என்னுடையது என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! நான் மூச்சு விடவில்லை. எப்போது கேட்டாலும் அக்கா, "ஷெட்டு நல்லாத்தான்டா இருக்குது" என்றார். அந்தப் பதிலே எனக்கும் வசதியாக இருந்தது.

கடைசி மழைக்காலத்தில் மூச்சிரைப்பு முற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை. டாக்டர்கள் ஷெட்டைக் குறை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

காரியத்தன்று, அவரோடு வேலை செய்த மும்தாஜ் சொன்னார்: "நாங்க எல்லாம் மதிலுக்கு அந்தாண்ட போய் நின்னுக்குவோம் சார். அக்கா மட்டும் ஷெட்லயே உக்காருவாங்க. 'எந்தம்பி கட்னது, நானே உக்காரலன்னா அவனுக்கு அசிங்கம்'னுவாங்க. நனையறாங்களேன்னு நான் போய் முன்னால நின்னுக்குவேன்."

தடுப்பை இப்போது போட்டாயிற்று. என்ன பிரயோசனம்?

அக்காவைக் கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், அவருக்காக இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்திய பஸ் டிரைவர் அண்ணனுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காற்றுக்கு முதுகைக் கொடுத்து அக்காவை மறைத்து நின்ற மும்தாஜ் அவர்களுக்குத் தனியாக என் நன்றி. அங்கே நின்றிருக்க வேண்டியவன் நான்.