பிரேக் ஷூவைத் தேடி வந்த கடைக்காரி

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தால், கேட்டருகே கஸ்தூரி நிற்கிறார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறவருக்கு ஏழரைக்கு என் வீட்டில் என்ன வேலை?

“சார், வண்டிய எடுக்காதீங்க. நான் குடுத்த பிரேக் ஷூ டூப்ளிகேட்டு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் அவரிடம் வாங்கி மாட்டினேன். கம்பெனி பெட்டி, பளபளக்கும் ஸ்டிக்கர், எல்லாம் சரியாகத்தானே இருந்தது? அதைவிட முக்கியமான கேள்வி — விற்ற கடைக்காரரே வீடு தேடி வந்து “நான் விற்றது போலி” என்று சொல்லி நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

கஸ்தூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய ஷோரூமின் பார்ட்ஸ் கவுன்ட்டரில் பல வருஷம் வேலை பார்த்தவர். பிறகுதான் சொந்தக் கடை. ஒரே பார்ட் ஷோரூமில் ஒரு விலை, டவுன் கடையில் ஒரு விலை, போனில் ஆர்டர் போட்டால் இன்னொரு விலை... ஏன் என்று என்னைப் போன்ற ஆட்களுக்குப் புரிவதே இல்லை. விலை குறைந்தால் நமக்கு மூளை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. போனை நீட்டி, “இதில் பாதி விலை போட்டிருக்கிறானே” என்று கஸ்தூரியிடம் எத்தனையோ தடவை வம்புக்குப் போயிருக்கிறேன்.

அவர் கோபப்பட மாட்டார். ஒருமுறை ஒரிஜினல் சைடு மிரர் கேட்டேன். லோக்கலே போதும் என்று கம்மி விலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். மிரர், ஃபுட் மேட், சீட் கவர் இதிலெல்லாம் லோக்கல் தாராளமாக வாங்கலாமாம். வண்டியை நிறுத்துகிற சாமானில் மட்டும் விளையாடக் கூடாதாம். லாபத்தை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்தது அப்போதுதான்.

அப்படிப்பட்டவர் கடையில் போலி எப்படி வந்தது? வழக்கமாகச் சரக்கு தருபவரிடம் ஸ்டாக் இல்லை. ஒரு புது ஹோல்சேல்காரரிடம் பத்து செட் எடுத்திருக்கிறார். ஏழு விற்றுவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு மெக்கானிக் அதில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் — பிரேக் பிடிப்பதே அதுதான் — தனியாகக் கழன்றிருந்தது. கஸ்தூரி மீதி மூன்று பெட்டியையும் பிரித்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தார். மூன்றும் சுலபமாகப் பெயர்ந்து வந்தன. ஓடும்போது அது உள்ளே கழன்று சிக்கினால் சக்கரம் இறுகிவிடும், ஆள் கீழே விழுந்துவிடுவார்.

உடனே கடையைப் பூட்டிவிட்டுக் காஞ்சிபுரம் ஷோரூமுக்குப் போய், முழு விலை கொடுத்து ஏழு செட் வாங்கி வந்திருக்கிறார். திரும்பி வந்த ஒன்று போக, உள்ளூர் மெக்கானிக்குகள் மூலமாகப் போன மற்ற நான்கு வண்டிகளையும் அன்றைக்கே நிறுத்திவிட்டார். நான் ஆறாவது ஆள். ஏழாவது?

அங்கேதான் சிக்கல். யாரென்றே தெரியாது. பஸ்ஸில் வந்து, பழைய ஷூவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து காட்டி, அதே மாதிரி வாங்கிப் போன ஒரு மனிதர். எங்கள் பக்கத்தில் யார் பில் கேட்கிறார்கள்? யார் போன் நம்பர் தருகிறார்கள்?

நான் என் புத்தியைக் காட்டினேன். ஆறு பேரைக் கண்டுபிடித்தாகிவிட்டதே, அந்த ஒருவர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வெளியே தெரிந்தால் உங்கள் கடை பேர்தான் கெடும், அவரிடம் பில்கூடக் கிடையாது என்றேன்.

“பில்லு இல்லன்னா இன்னா சார்? குடுத்த கை என்னுதுதான?”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. என் வண்டிதான் ஓடக்கூடாதே, நானும் கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

கடைக்குப் போனதும் ஒரு பெயின்ட் டிரம்மைக் கவிழ்த்தார். சாம்பிளுக்குக் கொண்டுவரும் பழைய சாமானைப் பெரும்பாலும் கடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள், அதெல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போகும். ரெண்டு பேரும் உட்கார்ந்து கிளறினோம். என் கை மூட்டு வரைக்கும் கரி. மாட்டுகிற ஷூவின் ஓரத்தில் மெக்கானிக்குகள் ஆளுக்கொரு நிறத்தில் பெயின்ட் வைப்பது இங்கே பழக்கம். நாளைக்குச் சண்டை வந்தால், இது என் வேலையா இல்லையா என்று பார்க்கத்தான். எங்கள் ஊர்க்காரர்களின் மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் கஸ்தூரிக்குத் தெரியும். ஒரே ஒரு ஜோடியில் பச்சை இருந்தது.

நான்கு மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டதில், பச்சை பழையசீவரத்துக்காரர் வைப்பது என்று தெரிந்தது. கஸ்தூரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். என் எடைக்கு அந்த வண்டி பாலாற்றுப் பாலத்தில் முனகியது. பச்சை மெக்கானிக் விஷயத்தைக் கேட்டதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வண்டி ஏழுமலை என்பவருடையது, கூலி வேலை செய்கிறவர். ஆனால் ஓட்டுவது அவர் மகள் நித்யா. தினமும் வாலாஜாபாத் வரை அதில் போய்த்தான் கம்பெனி பஸ் பிடிக்கிறாள். அந்த ரோட்டில் டிப்பர் லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதிய ஷிஃப்ட்டுக்கு நித்யா ஐடி கார்டை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் பின் சக்கரத்தைக் கழற்றினார். ஒரு ஷூவில் லைனிங் பாதி பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வந்த ஏழுமலை அதைக் குனிந்து பார்த்தார்.

பிறகு ஏழுமலை பேசினார். ஐந்து நிமிடம். கம்பெனி பெட்டியில் போட்டு ஏமாற்றுகிறாயா, நீ கேட்ட காசைக் கொடுத்துத்தானே வாங்கினேன், என் பொண்ணு விழுந்திருந்தால் நீயா வந்து தூக்குவாய் என்று. தெருவே பார்த்தது. கஸ்தூரி தலையைக் குனிந்து நின்றார். ஹோல்சேல்காரர் என்று ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. நான் விளக்க வாயைத் திறந்தேன். கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். அந்தத் தெருவில் அன்றைக்கு வியந்த அளவுக்கு இல்லை.

புது ஷூ மாட்டியாயிற்று. நித்யா தெருமுனை வரை ஓட்டிப் போய், பிரேக் அடித்துப் பார்த்து, நன்றாகப் பிடிக்கிறது என்று கை காட்டிவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனாள். நாங்கள் கிளம்பினோம்.

“ம்மா, நில்லு,” என்றார் ஏழுமலை. இன்னும் திட்டு பாக்கி வைத்திருக்கிறாரோ என்று எனக்குப் பயம்.

“என் தம்பி வண்டில செயினு தேஞ்சி பூட்ச்சி. நாளிக்கி கடைல கீறியா?”

ஐந்து நிமிடத் திட்டுக்கு அசையாத கஸ்தூரி, அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டார்.